கறுப்புப் பெட்டியும் ஜெபவீட்டுக் கூரையும்

இருபத்தொரு வயது நிரம்பிய ஆணுக்கும் பெண்ணுக்கும் வோட்டு உண்டு என்று சர்க்கார் அறிவித்தபோது இலங்கைத் தீவில் பலர் சந்தோஷப்பட்டார்கள், சிலர் பயந்தார்கள். "ஐயோ, இத்தனை பேருக்கும் யாருக்குப் போடுவது என்று நான் அல்லவா சொல்லிக்கொடுக்க வேண்டும்!" என்று தலையில் கை வைத்தவர் ஒரே ஒருவர்தான். புளத்கொகுபிட்டியவுக்கு மேலே, தேயிலையும் ரப்பரும் மாறி மாறி ஏறுகிற மலையில், கூலிகள் குடியிருக்கும் லயத்துக்கும் கொழுந்து அரைக்கும் ஸ்டோருக்கும் நடுவே ஒரு ஜெபவீட்டைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்த மாசிலாமணி உபதேசியார்தான் அவர்.

சர்க்கார் அவரைக் கேட்கவில்லை என்பது உண்மை. ஆனால் கேட்கப்படாத இடத்தில் கருத்துச் சொல்வதுதானே உபதேசியார் உத்தியோகம்? அந்தத் தோட்டத்தில் கிறிஸ்தவர்கள் முப்பது சொச்சம் பேர். தலைவலி வந்தாலும் அவரிடம்தான் வருவார்கள். ஆடு காணாமல் போனாலும், ஊருக்குக் கடிதம் எழுதுவதானாலும், புருஷன் பெண்டாட்டியை அடித்தாலும், பெண்டாட்டி திருப்பி அடித்தாலும் அவரிடம்தான். அப்படியிருக்க வோட்டு மட்டும் தானாகவா நடந்து போய்ப் பெட்டியில் விழும்?

அவர் திருநெல்வேலிச் சீமையில் ஒரு பனங்காட்டு ஊரில் பிறந்தவர். மிஷன் பள்ளியில் படித்து, வாத்தியாராகலாம் என்று எண்ணி, கணக்குப் பரீட்சையில் தோற்று, கர்த்தர் தம்மை வேறு வேலைக்கு அழைக்கிறார் என்று அன்றே தெளிந்துகொண்டவர். "மோசேயை முட்செடியிலே கூப்பிட்டார், என்னைப் பின்னக் கணக்கிலே கூப்பிட்டார்" என்று பிரசங்கத்திலேயே சொல்லிச் சிரிப்பார். தம்மைத் தாமே கேலி செய்வதில் அவரை மிஞ்ச அந்த மலையில் ஆள் கிடையாது. என்ன, அந்தக் கேலி எப்போதும் காரியம் கெட்ட பிறகுதான் வந்து சேரும்.

எலெக்ஷனுக்கு நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் எட்வின் வெலகெதர முதலியார். சர்க்கார் கொடுத்த முதலியார் பட்டம், ரப்பர்த் தோட்டம், கார், கோயிலில் முன்வரிசை ஆசனம் எல்லாம் உள்ள சிங்களக் கிறிஸ்தவர். மற்றவர் ரன்பண்டா வக்கீல். பௌர்ணமிப் போயா நாளில் வெள்ளை உடுத்திப் பன்சலை என்கிற புத்த கோயிலுக்குப் போகிறவர், மதுவிலக்குச் சங்கக்காரர். நான் வென்றால் சாராயக் கடைகளான தவறணைகளைப் பூட்டுவேன் என்று சந்திக்குச் சந்தி சொல்லித் திரிந்தார்.

தோட்டத்துக்குள் எலெக்ஷன் பேச்சு எடுக்கக் கூடாது என்று துரை கட்டளை போட்டிருந்தபடியால், முதலியாரின் கார் கீழே கடைத்தெருவில் லாபிர் நானாவின் கடை முன்னால் வந்து நின்றது. லாபிர் நானா துணி, கருவாடு, தகரம் மூன்றையும் ஒரே கூரையின் கீழ் விற்றவர். துணியில் கருவாடு மணக்காதபடி நடுவில் உட்கார்ந்திருப்பதே தன் தொழில் என்பார். அங்கேதான் உபதேசியார் அழைக்கப்பட்டார்.

"நம்ம ரெண்டு பேரும் ஒரே கர்த்தர் ஆள் தானே, உபதேசியார்," என்றார் முதலியார், காரை விட்டு இறங்காமலே. "நம்ம ஆள் சட்டசபைக்குப் போகாட்டி வேற யார் போறது? அந்தப் பக்கம் நிக்கிறது யார்? பன்சலை ஆள்!"

"தெரியுங்க ஐயா."

"உங்க சர்ச் கூரை ஒழுகுது எண்டு கேள்வி."

மாசிலாமணிக்கு நெஞ்சு விம்மியது. தம் ஜெபவீட்டின் ஓட்டைகள் முதலியார் காதுவரை எட்டியிருக்கின்றனவே! (எட்டவைத்தவர் லாபிர் நானா. அந்தத் தகரத்தை விற்கப்போகிறவரும் அவரே என்பது உபதேசியாருக்கு அப்போது தோன்றவில்லை.)

"மழைக்கு ஒழுகுதுங்க. ஞானஸ்நானத்துக்குத் தனியாத் தண்ணி வேண்டியதில்லீங்க."

"ஹரி, ஹரி," என்று சிங்களத்தில் சரி சொன்னார் முதலியார். "நான் வென்றால் முழுக் கூரைக்கும் தகரம். சொன்னா சொன்னதுதான்."

"ஐயா, எங்க சபையில ஒரு வோட்டு வெளிய போகாதுங்க," என்றார் மாசிலாமணி. வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாது. ஆனால் வந்த பிறகு கேட்க நன்றாக இருந்தது.

கார் போனதும் லாபிர் நானா கணக்குப்பிள்ளைக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "வாக்குக் குடுத்திட்டீங்க, உவதேசியார். ஆக்கள்ட்ட கேட்டீங்களா?"

"மேய்ப்பன் ஆட்டக் கேட்டுக்கிட்டா போவான், நானா?"

"எங்கட மாமாவும் ஆடு மேச்ச மனிசன்தான். ஆடு போற பக்கம் அவர் போவார். அவர் போற பக்கம் ஆடு போனத நான் ஒரு நாளும் காணல்ல."

உபதேசியார் இதற்கெல்லாம் காது கொடுக்கவில்லை. சாமுவேல் தீர்க்கதரிசி தாவீதை ராஜாவாக அபிஷேகம் செய்யப் போன நடையில் மலை ஏறினார். சாமுவேல் கையில் எண்ணெய்க் கொம்பு இருந்தது, இவர் கையில் குடை. வழியில் தவறணை வந்தது. அங்கே வந்ததும் வழக்கம்போல் குடையை அந்தப் பக்கமாகச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டார். பாவத்தின் வாசலைக் கண்ணாலும் பாரேன் என்பது அவர் மலைக்கு வந்த நாள் முதல் காத்துவந்த விரதம்.

அடுத்த ஞாயிறு பிரசங்கம் இடிபோல் இறங்கியது. விசுவாசியின் வோட்டு விசுவாசிக்கே, அந்நிய நுகத்தில் கழுத்தைக் கொடாதிருங்கள், கர்த்தர் நமக்காக ஒருவரை எழுப்பியிருக்கிறார். சபையார் எல்லாவற்றுக்கும் "ஆமென்" என்றார்கள். கொழுந்து எடுக்கும் ஜெயம்மா மட்டும் ஆமென் சொல்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து அவளுக்காகவே குரலை உயர்த்தினார்.

புதன்கிழமை லாபிர் நானா மலையேறி வந்தார். கருவாட்டுக் கடன் கேட்க வந்தவரோ என்று உபதேசியாரின் மனைவி அன்னப்பழம் அடுப்படிக்குள் நழுவினாள். அவர் கொண்டுவந்தது வேறு.

"வோட்டுப் பெட்டிக்குக் கலர் குடுத்தீக்கி, உவதேசியார். எழுத்துத் தெரியாத சனத்துக்காக. மறைப்புக்கு அங்கால ரெண்டு பெட்டி ஈக்கும். புடிச்ச ஆள்ட கலர்ப் பெட்டியில காயிதத்தப் போடோணும். வக்கீலுக்கு மஞ்சள்."

"நம்ம முதலியாருக்கு?"

"கறுப்பு."

உபதேசியார் பக்கத்திலிருந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பெஞ்சும் ஆடியது.

அவர் ஆடியதற்குக் காரணம் ஒரு துணி. முன்னொரு காலத்தில் மிஷனில் இருந்த துரைசானியம்மா ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது அதை அவரிடம் விட்டுப் போனார். கறுப்பு, சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று நாலு பட்டை தைத்த துணி. வாசிக்கத் தெரியாத சபைக்கு இரட்சிப்பை இதை வைத்துத்தான் சொல்வார். கறுப்பு பாவம், சிவப்பு இயேசுவின் ரத்தம், வெள்ளை கழுவப்பட்ட இருதயம், மஞ்சள் பரலோகத்தின் பொன் வீதி. துரைசானியம்மா கொடுத்தது துணியை மட்டுமே. அதற்குச் சத்தம் சேர்த்தவர் மாசிலாமணி. கறுப்பைக் காட்டினால் சபையார் எல்லாரும் காலில் ஏறிய அட்டையை உதறுவதுபோல் இரண்டு கையையும் உதறி, "வேண்டாம்! வேண்டாம்!" என்று கத்த வேண்டும். மஞ்சளைக் காட்டினால் துள்ளி எழுந்து, "போவோம்! போவோம்!" என்று சொல்ல வேண்டும். வருஷக்கணக்கில் ஒரு ஞாயிறு தவறாமல் நடந்த பயிற்சி இது. மேல் மலை உபதேசியார்கள் இதைப் பார்த்துப் பொறாமைப்பட்டதாக அவரே பலரிடம் சொல்லியிருக்கிறார்.

இப்போது கர்த்தர் எழுப்பிய மனிதரின் பெட்டி 'வேண்டாம் வேண்டாம்'. பன்சலைக்காரரின் பெட்டி 'போவோம் போவோம்'.

"ஊர்ப்பட்ட பிரசாரத்தை நீங்களே ஓசியில வக்கீலுக்குச் செஞ்சு வச்சிருக்கீங்க," என்று அடுப்படியிலிருந்து அன்னப்பழம் சொன்னாள்.

வரும் ஞாயிறே பயிற்சியைத் திருத்துவது என்று உபதேசியார் முடிவு கட்டினார். துணியை எடுத்தார். கறுப்புப் பட்டையைக் காட்டி வாயைத் திறக்குமுன் முப்பது சோடிக் கைகள் உதறின. "வேண்டாம்! வேண்டாம்!"

"இல்ல, இல்ல. கொஞ்சம் பொறுங்க. இந்தக் கறுப்பு வேற."

சபை திகைத்தது. ஜெயம்மா எழுந்தாள். "கறுப்புல வேற கறுப்பு இருக்குங்களா ஐயா?"

"ஏன் இல்லை? உன் தலைமயிர் கறுப்பு. அது பாவமா? வேதத்துல அச்சடிச்ச எழுத்து கறுப்பு. அது பாவமா?"

"எந்தலைமயிரு நரைச்சிருச்சுங்க. எழுத்து எனக்குத் தெரியாதுங்க." சபையில் சிரிப்பு ஓடியது. ஜெயம்மா சிரிக்கவில்லை. "நெறத்த விடுங்க ஐயா. ஒண்ணு கேக்கணும். கீழ தவறணை யாரோடதுங்க?"

"பிசாசோடது," என்றார் உபதேசியார் தயங்காமல்.

"பிசாசுக்கு லைசன் குடுக்க மாட்டாங்கய்யா. அது முதலியாரய்யாவோடது. எம் புருசன் அங்கதான் குடிச்சே செத்தான். பொழுது விடிஞ்சா நான் தூக்கிட்டு வந்து போட்டது அந்த வாசல்ல இருந்துதான். உங்களுக்குத் தெரியாதுங்களா?"

உபதேசியாருக்குத் தெரியாது. சத்தியமாகவே தெரியாது. ஜெபத்தை அவசரமாக முடித்துவிட்டு, நாலு நிறத் துணியையும் மடிக்காமல், மலையிறங்கினார். தவறணை முன்னால் வந்து நின்று, வாழ்நாளில் முதல்முறையாகக் குடையைத் தாழ்த்தினார். கதவுக்கு மேலே வெள்ளை எழுத்தில், மூன்று பாஷையில், தெளிவாக எழுதியிருந்தது: எ. வெலகெதர முதலியார், சாராயக் குத்தகைக்காரர். உள்ளேயிருந்து ஒருவன், "வாங்கய்யா, இவ்வளவு நாள் எங்க போனீங்க?" என்று அன்போடு அழைத்தான்.

அங்கிருந்து நேரே லாபிர் நானாவின் கடை.

"நானா, உங்களுக்குத் தெரியுமா?"

"ஊருக்கே தெரியுமே."

"ஏன் எனக்குச் சொல்லல?"

"நீங்க கேக்கல்லயே. அதோட, தவறணைப் பேச்ச எடுத்தா நீங்க காதப் பொத்துற மனிசன். காதப் பொத்தின ஆளுக்கு எந்தப் பக்கத்தால செல்றது?"

மலையேறும்போது கேலி வந்து சேர்ந்தது. 'அடே மாசிலாமணி,' என்று தமக்குள் சொல்லிக்கொண்டார், 'பாவத்தைப் பார்க்க மாட்டேன் என்று இத்தனை வருஷம் குடை பிடித்தாய். குடைக்கு அந்தப் பக்கம் உன் அபிஷேகம் பெற்ற ராஜா சாராயம் ஊற்றிக்கொண்டிருந்தார். பிலேயாம் தீர்க்கதரிசிக்காவது ஒரு பேசும் கழுதை கிடைத்தது, வழியில் நிற்பது யார் என்று சொல்ல. உன் வழியில் கழுதையும் நீயே, பிலேயாமும் நீயே.'

வீட்டில் அன்னப்பழம் சோற்றைப் போட்டாள். அவர் பிசைந்துகொண்டே இருந்தார்.

"மரத்தை அதோட கனியாலதானே அறியணும், அன்னப்பழம்?"

"ஆமா."

"பேரு கிறிஸ்தவப் பேரு. கனி சாராயம். அந்தப் பக்கம் பேரு வேற, ஆனா தவறணையப் பூட்டுறேங்கிறார். நான் இருபது வருஷமாக் கத்துறதும் அதைத்தானே?"

"ஆமா."

"ஆனா கூரை?"

அன்னப்பழம் அண்ணாந்து பார்த்தாள். அவர்கள் வீட்டுக் கூரையும் ஜெபவீட்டுக் கூரையும் ஒரே கூரைதான், நடுவில் ஒரு மண்சுவர். "சனங்ககிட்ட நெசத்தச் சொல்லுங்க. இல்ல, வாய மூடிக்கிட்டு இருங்க. ரெண்டும் உங்களால முடியாதுன்னா சோத்தையாவது தின்னுங்க. ஆறுது."

எலெக்ஷனுக்கு முந்திய ஞாயிறு மழை பிடித்துக்கொண்டது. அந்தச் சபரகமுவச் சீமை மழை ஒரு தரம் பிடித்தால் கடன்காரன்போல. வாசலை விட்டு நகராது. ஜெபவீட்டுக்குள் பானை, சட்டி, பித்தளைச் செம்பு என்று ஒழுகும் இடத்துக்கு ஒன்றாக வைத்திருந்தார்கள். ஆராதனை 'டொக், டொக்' என்ற தாளத்தோடு நடந்தது. உபதேசியார் அன்று துணியை எடுக்கவில்லை. நேரே நின்று சொன்னார்:

"சகோதரரே, சகோதரிகளே. கர்த்தர் ஒருத்தரை எழுப்பியிருக்கிறார்னு உங்களுக்குச் சொன்னேன். கர்த்தர் அப்படி என்கிட்ட ஒண்ணும் சொல்லல. நானாச் சொன்னேன். கர்த்தர் பேரை அதுக்கு இரவல் வாங்கினேன். இனி யாருக்குப் போடுங்கன்னு சொல்ல மாட்டேன். அவங்கவங்க மனச்சாட்சியக் கேளுங்க. சொந்த மனசுக்கு எது சரின்னு படுதோ…"

அந்த இடத்தில், மேலேயிருந்து ஒரு சொட்டு, பிடரியில் பட்டுச் சட்டைக்குள் இறங்கி முதுகெலும்பு வழியாக ஓடியது. மாம்சம் பலவீனமானது. உபதேசியார் அண்ணாந்து ஓட்டையைப் பார்த்தார். பார்த்து, ஒரு பெருமூச்சும் விட்டார்.

"…அதைச் செய்யுங்க," என்று முடித்தார்.

வாழ்க்கையிலேயே இவ்வளவு சிறிய, இவ்வளவு நேர்மையான பிரசங்கம் தாம் செய்ததில்லை என்று அன்று அவருக்குத் திருப்தி. யாருக்குப் போட என்று சொல்லாமல் இருந்தது நாக்கில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தாலும் தாங்கிக்கொண்டார்.

வோட்டு நாளில் துரை அரை நாள் விடுதலை கொடுத்தார். தோட்டமே நல்ல துணி உடுத்தி, மண் வழுக்கும் பாதையில் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு இறங்கியது. சைவக்காரர்களும் கூடவே வந்தார்கள். அவர்களில் ரப்பர்ப் பால் வெட்டும் ஏழுமலை உபதேசியாரோடு பேசிக்கொண்டே நடந்தான்.

"நாங்க கறுப்புக்குத்தானுங்க. எங்க கறுப்பண்ணசாமி நெறமாச்சே. சாமியே பொட்டியா வந்து நிக்கும்போது வேற பக்கம் போறது மரியாத இல்லீங்க."

மாசிலாமணிக்கு மதத்தை வைத்து வோட்டுப் போடும் அறியாமையைக் கண்டித்து ஒரு சிறு பிரசங்கம் நாக்கு நுனிவரை வந்தது. போன மாதம் தாம் செய்த பிரசங்கம் நினைவு வந்ததும் அது தானாக உள்ளே திரும்பிப் போய்விட்டது.

மறைப்புக்குப் பின்னால் இரண்டு பெட்டிகள். காகிதத்தைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். முதலியார் ஒரே கர்த்தரின் பிள்ளை. வக்கீல் பன்சலைக்காரர். தம் தகப்பனார் இதைக் கண்டால் கல்லறையிலிருந்து எழுந்து வந்து பிரம்பெடுப்பார். 'ஆண்டவரே,' என்று முணுமுணுத்தார், 'இது உமக்கு விரோதமாக அல்ல, தவறணைக்கு விரோதமாக. மேலே கணக்கு எழுதும்போது தயவாய் இரண்டையும் கலந்துவிடாதேயும்.' மஞ்சள் பெட்டியில் காகிதத்தைப் போட்டார்.

வெளியே வந்து மரத்தடியில் நின்றவருக்கு, மறைப்புக்கு உள்ளேயிருந்து பழகிய ஒரு குரல் கேட்டது. "வேண்டாம்! வேண்டாம்!" கொஞ்ச நேரம் கழித்து வேறொரு குரல், அதே "வேண்டாம்! வேண்டாம்!" உள்ளே உட்கார்ந்திருந்த அதிகாரி, "மொக்கத மே கட்டிய கியன்னே?" என்று தலையைச் சொறிந்தார். இந்தச் சனங்கள் என்ன சொல்கிறார்கள் என்று அவருக்கும் விளங்கவில்லை. மாசிலாமணிக்கு விளங்கியது. சபையார் கறுப்பை வெறுத்துத் தள்ளிவிட்டு மஞ்சளுக்குப் போகிறார்கள்! அவர் கண்ணில் நீர் தளும்பியது. சொல்லாமலே தம் மனச்சாட்சி சபையின் மனச்சாட்சியாகிவிட்டதே!

முதலியார் வென்றார். சொற்ப வோட்டில் வென்றார்.

அதற்கடுத்த சனிக்கிழமை லாபிர் நானாவின் வண்டி வந்து ஜெபவீட்டு வாசலில் புத்தம் புதுத் தகரத்தை இறக்கியது. வண்டிக்காரன் முதலியார் சொல்லியனுப்பிய செய்தியையும் இறக்கினான்: உபதேசியார் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார், தானும் காப்பாற்றுகிறார்.

"ஏதோ தப்பு நடந்துபோச்சு," என்றார் மாசிலாமணி. தகரத்தை ஒரு தரம் தட்டிப் பார்த்தார். நல்ல தகரம். மணிபோல் சத்தம் கொடுத்தது. அந்தச் சத்தத்துக்கு லயத்திலிருந்து ஜெயம்மா ஓடி வந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

"வந்திருச்சா! இனி நனைய வேண்டியதில்லீங்க!"

"ஜெயம்மா, நம்ம ஆளுங்க கறுப்புக்கு ஒரு வோட்டும் போடலியே. இது எப்படி நமக்கு?"

ஜெயம்மாவின் முகத்தில் மலர்ச்சி நின்றுவிட்டது. "போடலியா? எல்லாரும் கறுப்புக்குத்தானுங்களே போட்டோம்!"

"வேண்டாம், வேண்டாம்னு கத்தினீங்களே!"

"கறுப்பத் தொடும்போது சொல்லணும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. சொல்லிக்கிட்டே போட்டோம். எனக்குக் கைய உதறி உதறிக் காயிதமே கீழ விழுந்திருச்சு."

"ஆனா… நான் மனச்சாட்சிய அல்லவா கேக்கச் சொன்னேன்?"

"சொன்னீங்க. சொல்லும்போது மேல ஓட்டையப் பாத்துக்கிட்டேல்ல சொன்னீங்க? பாத்துப் பெருமூச்சு வேற விட்டீங்க. வாயால சொல்ல ஐயாவுக்கு வெக்கம்னு வெளிய வந்து எல்லாரும் பேசிக்கிட்டோம். நம்மளால கூரை போட முடியாது, வோட்டாவது போடலாம்னு…" அவள் நிறுத்தினாள். பிறகு, மெதுவாக: "எம் புருசன நெனச்சுக்கிட்டு அந்தப் பொட்டி முன்னால நெடுநேரம் நின்னேங்க. பொறவு நீங்க நனைஞ்சது நெனப்பு வந்திச்சு. போட்டுட்டேன்."

உபதேசியார் தகரக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

இருபது வருஷம் தொண்டை கிழியக் கத்தியபோதெல்லாம் பாதியைக் காதில் வாங்கிய சபை, அவர் ஒரே ஒரு தரம் வாயை மூடிக்கொண்டு அண்ணாந்து பார்த்ததை மட்டும் முழுப் பிரசங்கமாக எடுத்துக்கொண்டது. எந்த வேதாகமப் பள்ளியிலும் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. கேலி செய்யலாம் என்று பார்த்தார். கேலி வரவில்லை. தவறணை வாசலிலிருந்து புருஷனைத் தூக்கி வந்தவள், தம் முதுகு நனையக் கூடாது என்று, அந்தத் தவறணைக்காரருக்கே வோட்டைக் கொடுத்திருக்கிறாள். அந்தத் தகரத்தின் கீழ் நின்று இனி என்னத்தைப் பிரசங்கிப்பது? மழை பெய்யும்போதெல்லாம் மேலேயிருந்து அதுவல்லவா பதில் பிரசங்கம் செய்யும்?

"ஜெயம்மா," என்றார், "நான் வோட்டை வக்கீலுக்குப் போட்டேன்."

ஜெயம்மா அவரையே பார்த்தாள். "அடப்பாவி!" என்றாள். உபதேசியாரை அப்படிச் சொல்லிவிட்டோமே என்று வாயைப் பொத்தினாள். பொத்திய கைக்குள்ளிருந்து இன்னொரு தரமும் அதே சொல் வந்தது.

"நாளைக்குத் தகரத்தைத் திருப்பிக் கொண்டுபோறேன்," என்றார்.

அன்னப்பழம் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் பார்வை ஒரு தரம் தகரத்துக்கும் ஒரு தரம் பானை சட்டிகளுக்கும் போய் வந்தது. "எப்படிக் கொண்டு போவீங்க? வண்டி போயிருச்சு. லாபிர் நானா விக்கிறதுக்கு வண்டி அனுப்புவாரு, திருப்புறதுக்கு அனுப்ப மாட்டாரு."

"சுமந்து."

"நீங்களா! வேதப் புஸ்தகத்தையே ரெண்டு கையால தூக்குறவரு!"

"நாங்க வர்றோம்," என்றாள் ஜெயம்மா. அவள் குரலில் இன்னும் கோபம் இருந்தது. "அவரு ஒருத்தர் போய்த் திருப்பிக் குடுத்தா அவரோட தகரம் மாதிரி ஆகிரும். வோட்டுப் போட்டது நாங்க."

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபை புறப்பட்டது. இரண்டு பேருக்கு ஒரு தகடு, முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், தலைக்குமேல். ஏழுமலையும் வேடிக்கை பார்க்க வந்து, ஒரு முனையில் மாட்டிக்கொண்டான். "எங்க சாமி செயிச்சுக் குடுத்த தகரத்த ஏங்க திருப்புறீங்க?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான். பாதி வழியில் மழை கொட்டியது. தகரத்தின் மேல் ஓவென்று இரைச்சல். அதன் கீழ் நடந்தவர்கள் மேல் ஒரு சொட்டு விழவில்லை. ஜெபவீட்டில் ஒரு நாளும் கிடைக்காத அந்தச் சுகத்தை அனுபவித்துக்கொண்டே முதலியார் பங்களாவுக்கு ஊர்வலம் போய்ச் சேர்ந்தது.

முதலியார் வெராண்டாவுக்கு வந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்து முகத்தைத் தயார் செய்துகொண்டு வந்தவர், தகரத்தைக் கண்டு அதைக் கலைத்துக்கொண்டார்.

"மேக்க மொக்கத? என்ன இது? தகரம் சரியில்லையா?"

"நல்ல தகரமுங்க ஐயா." என்றார் மாசிலாமணி. இராத்திரி முழுக்கத் தயாரித்த பிரசங்கத்தில் மூன்று பகுதிகள் இருந்தன, முதல் பகுதியின் முதல் வார்த்தையே மறந்துபோயிற்று. "நான் உங்களுக்கு வோட்டுப் போடலீங்க. இவங்க போட்டாங்க. இந்தக் கூரைக்காகப் போட்டாங்க. தவறணை உங்களோடதுன்னு தெரிஞ்சிருந்தும் போட்டாங்க. அது என் பெருமூச்சால வந்த வினைங்க. அதனால இது எங்களுக்கு வேண்டாம்."

'வேண்டாம்' என்ற சொல் காதில் விழுந்ததும் சபையாரின் கைகள் பழக்கத்தில் உதறப் போயின. ஏந்தியிருந்த தகடுகள் தடதடவென்று முற்றத்தில் விழுந்தன. பங்களாவின் நாய் கட்டிலுக்கடியில் ஓடியது.

சத்தம் அடங்கியதும் முதலியார் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, விளங்காமல்தான் கேட்டார்: "நீர் கிறிஸ்தவன் தானே, உபதேசியார்?"

"ஆமாங்க ஐயா," என்றார் மாசிலாமணி. "அதான் தூக்கிட்டு வந்தோம்."

முதலியார் முற்றத்துத் தகரத்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார். கதவை அடித்துச் சாத்தவில்லை, திறந்தும் வைக்கவில்லை.

திரும்பும் வழியில் மறைக்க ஒன்றுமில்லாமல் எல்லாரும் தொப்பலாக நனைந்தார்கள். 'அதான் தூக்கிட்டு வந்தோம்' என்று தாம் சொன்ன வார்த்தை உபதேசியாருக்கு மெல்ல மெல்ல இனிக்கத் தொடங்கியது. இரண்டு தரம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். மூன்றாம் தரம் குரலைச் செருமிக்கொண்டு நின்றார்.

"சகோதரரே, இன்றைக்கு நடந்ததிலிருந்து நாம் மூன்று காரியங்களைக் கற்றுக்கொள்ளுகிறோம். முதலாவது…"

"ஐயா," என்றாள் ஜெயம்மா, பல் கிடுகிடுக்க, "அட்டை ஏறுது. நடங்க."